விழித்திருந்தவன்

“தூங்கினீரா?”

மீண்டும் அதே கேள்வி.

“இல்லை, ஐயா.”

விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அயர்ச்சி இருந்தது.

அன்றிரவு ராடார் திரையின் முன் அமர்ந்திருந்தவன் அவன்தான். அந்நிய விமானம் ஏதேனும் திரையில் தெரிந்தால் அவன் பொத்தானை அழுத்துவான். ஊரில் அபாயச் சங்கு ஊதும். மக்கள் நிலவறைகளுக்கு ஓடுவார்கள்.

அன்று சங்கு ஊதவில்லை.

துறைமுகத்தை ஒட்டியிருந்த தெருக்கள் இப்போது இல்லை.

திரையில் ஒன்றும் வரவில்லை. கண் எரிய எரியப் பார்த்திருந்தான். ஒன்றுமே வரவில்லை.

வந்தது எது என்பது பிறகுதான் விளங்கிற்று. எங்கோ ஒரு தேசத்தில் மெத்தப் படித்தவர்கள் கூடி, ஆண்டுக்கணக்கில் மூளையைக் கசக்கி, வாலை நீக்கி, விளிம்புகளை வளைத்து, உடலெங்கும் ஏதோ ஒரு பூச்சைப் பூசி, மாளிகை அகலமுள்ள ஒரு குண்டுவீச்சு விமானத்தை ராடாரின் கண்ணுக்குத் தும்பியினும் சிறியதாக ஆக்கியிருந்தார்கள்.

அத்தனை படிப்பும் அதற்குத்தான் செலவாயிற்று.

“நான் தூங்கியிருந்தாலும் விழித்திருந்தாலும் ஒன்றுதான், ஐயா.”

“அதைத்தான் வெளியே சொல்லாதீர் என்கிறேன்.” அதிகாரி கண்களைக் கசக்கிக்கொண்டார். “காவலுக்கு இருந்தவன் தூங்கிவிட்டான் என்றால், ஊர் உம்மைக் காறித் துப்பும். நாலு நாளில் ஓய்ந்துவிடும். விழித்திருந்தும் தெரியவில்லை என்றால், இனி இந்த ஊரில் எவன் கண்ணை மூடுவான்? குண்டு விழுந்தது மூன்று தெருவில். இந்தப் பயம் எல்லாத் தெருவிலும் விழும். அனுப்பியவனுக்கு அதுதானே வேண்டும்?”

அதிகாரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“காலையில் வந்து சொல்லும். இரண்டில் ஒன்று.”

வெயில் சாயுமுன் வீடு வந்து சேர்ந்தான்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். பள்ளியில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் நிறைமதியின் வீடு துறைமுகத் தெருவில் இருந்தது. அந்த இரவுக்குப் பின் இவள் படுக்கவே மறுத்தாள். மடியில் போட்டுத் தட்டினாலும் திமிறிக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். கண்ணிமைகள் வீங்கிப்போயிருந்தன.

அவன் பக்கத்தில் அமர்ந்து அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“அப்பா, நீ முழிச்சுத்தானே இருந்தே?”

அவளுடைய தாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மனைவியிடம் அவன் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தான்.

மகளின் கண்கள் மூடப்போயின. திடுக்கிட்டுத் திறந்துகொண்டன.

“இல்லம்மா. அப்பா தூங்கிட்டேன்.”

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள்.

“முழிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“இப்ப அங்க யாரு இருக்கா?”

“வேற ஒரு மாமா.”

“அவரும் தூங்கிருவாரா?”

“மாட்டாரு. அவரு ரொம்ப நல்லவரு.”

அவள் தன் கையை உருவிக்கொண்டாள்.

எழுந்தாள். அவனைத் திரும்பிப் பாராமல் உள்ளே போனாள். பாயை அவளே இழுத்துப் போட்டு, சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்தாள்.

சற்று நேரத்தில் அவளுடைய மூச்சு சீரானது.

அவன் எழுந்து நிலைப்படிவரை சென்றான்.

உள்ளிருந்து மனைவி வந்தாள். அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் மகளிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

மகள் விழித்துவிடாதபடி, கதவை ஓசையின்றிச் சாத்தினாள்.

அவன் வெளியே நின்றான்.