ஆறு ஆம்பியர்

தி.நகர் புடவை பாலிஷ் கடையில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி வலியுல்லா, உருளை மெஷின் ஓட்டும் ஜெசிந்தா, போன ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தபோது அந்த மெஷின் மோட்டாருக்கு, கரண்டைக் கட்டுப்படுத்தும் புது டிரைவ் மாட்டிவிட்டுப் போன எலக்ட்ரீஷியன் டில்லிபாபு.

“இன்னா மாட்டிக் குடுத்த நீ? ரெண்டு பட்டுப்புடவைய சேர்த்து வுட்டா மெஷின் படுத்துக்குது!” புடவைக் கட்டை மார்போடு அணைத்தபடி ஜெசிந்தா கத்தினாள்.

“நான்தான் அப்படி வெச்சிருக்கேன். ஆறு ஆம்பியர் தாண்டினா டிரைவ் மோட்டார நிறுத்திடும். ஒவ்வொண்ணா வுடு.”

“முகூர்த்த சீசன்ல ஒவ்வொண்ணா வுட்டா வெளங்கிடும். பத்துக்கு ஏத்து.”

“முடியாது.”

வலியுல்லா செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அந்தம்மாவே கேக்குது. ஏத்திட்டுப் போயேன்பா.”

டில்லிபாபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாய், உருளைக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி கூட நீங்க போடல. விரல் மாட்டிச்சுன்னா மோட்டார் முக்கும், கரண்ட் ஏறும். அந்த நொடியே நிக்கணும்னுதான் இந்த ஆறு. பத்துல வெச்சா நிக்காது, இழுத்துக்கினே போவும்.”

“தடுப்பு போட்டா வேலை ஓடாதுப்பா.”

“வேலை ஓடாதா? மனுசன் கை பாய் இது!” ஜெசிந்தா பக்கம் திரும்பினான். “ஏம்மா, உனக்காகத்தானே தொண்டை கிழியுது எனக்கு?”

“என் கைய நான் பாத்துக்கறேன். சாயந்தரத்துக்குள்ள இந்தக் கட்டு முடியலன்னா பாய் நாளைக்கு வேற ஆள வெப்பாரு. இந்தக் கடைய வுட்டா எனக்கு எவன் வேலை குடுப்பான்? நீ குடுப்பியா?”

“தி.நகர்ல கடைக்கா பஞ்சம்? கைகால் நல்லாத்தானே கீது உனக்கு?”

அவள் புடவைக் கட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“வெளிய போ. பாய், அந்த இன்னொரு எலக்ட்ரீஷியன் அமீனுக்கு போன் போடுங்க. அவன் வாயத் தொறக்காம ஏத்திக் குடுப்பான். அதுவரைக்கும் கதவப் பூட்டி வெக்கிறேன், இல்லன்னா இந்த ஆளு திரும்பி வந்து எதையாவது நோண்டும்.”

“நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னக் கூப்பிடாதீங்க!” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டில்லிபாபு படியிறங்கினான்.

ஜெசிந்தா கட்டைக் கீழே போட்டுவிட்டு, கிரில் கதவை இழுத்துச் சாத்தினாள். சத்தம் கேட்டுத் திரும்பினான். கம்பிகளுக்கு நடுவே நீண்டு வந்து பூட்டை அழுத்திய அவள் வலது கையில், கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருந்தன.