மூன்றாவது ஹெட்போன்

"முதல்ல எதைப் போடப் போற?" என்று அப்பா உள்ளறைக் கட்டிலிலிருந்து கேட்டார். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

கூடத்து மேஜையில் மூன்று பெட்டிகள். மூன்றும் காதை முழுசாக மூடுகிற ரகம், மூன்றும் என் கைக்கு எட்டுகிற விலை. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. காலையும் மாலையும் பஸ்ஸின் இரைச்சல் தெரியக் கூடாது. பாட்டு கேட்டால் தாளம் நெஞ்சில் வந்து விழ வேண்டும். வீட்டுக்கு வந்து கேம் ஆடும்போது பின்னால் வருகிறவனின் காலடி கேட்க வேண்டும்.

நாலாவது நிபந்தனை அக்கா போனில் போட்டது. அப்பா கூப்பிட்டால் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் எதையும் வாங்காதே.

போன புதன்கிழமை அப்பா நாற்பது நிமிடம் கூப்பிட்டிருக்கிறார். நான் ஆட்டத்தில் இருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் ஓரத்துக்கு உருண்டு, கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன உடம்பு. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் தரையில்தான்.

அக்காவிடம் அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. பழியைப் பழைய ஹெட்போன் மேல் போட்டுவிட்டார்.

ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சும்மா இருக்க மாட்டார். தண்ணீர், தலையணை, ஃபேன், மணி என்ன, வெளியே மழையா. நான் நாள் முழுக்க அடுத்தவர்கள் போனில் கத்துகிற புகாரைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டிலும் என் காது வேலையில்தான் இருக்க வேண்டுமா?

சோதனை அப்பாவின் யோசனை. நான் ஒவ்வொன்றாகப் போட்டு, ஆட்டத்தின் சத்தத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கத்துவார். கேட்டால் நான் கட்டை விரலை உயர்த்த வேண்டும். வழக்கமாக அவர் அறைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். இன்றைக்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். கை கால்தான் போயிற்று, தொண்டை அப்படியே இருக்கிறது.

முதலாவதைப் போட்டேன். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு" என்று கத்தினார். பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி கேட்டது. கட்டை விரலைக் காட்டினேன். இதற்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவதில் "படியில நிக்காத" என்பது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதற்கும் கட்டை விரல். ஆனால் அரை மணி நேரம் போட்டால் காது மடல் கழன்றுவிடும் போலிருந்தது.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, முகத்தில் மட்டும் சிரிப்பு குறையவில்லை. இளைப்பாறுகிற சாக்கில் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிக்கெட் கேட்டால் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கும் பயல்களிடம் குரலைத் தாழ்த்தி, காலுக்குக் கீழே காசு கிடக்கிறது என்பாராம். குனிந்தவன் மாட்டினான். நூறு தடவை கேட்ட கதை.

மூன்றாவதைப் போட்டதும் வீடே காணாமல் போயிற்று. மெத்தென்று காதைப் பொத்தியது. ஃபேன் இல்லை, தெரு இல்லை. ஆட்டத்தில் எவனோ புல்லில் நடப்பது இடது காதுக்குப் பின்னால் கேட்டது. இதுதான் என்று மனசு முடிவு பண்ணிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் வாய் பெரிதாகத் திறந்து மூடியது. ஒரு சொல்லும் வரவில்லை.

கட்டை விரலை உயர்த்தினேன்.

கழற்றிவிட்டு உள்ளே போனேன். "மூணாவதுதாம்ப்பா. அதுலதான் உங்க குரல் ரொம்பத் தெளிவா கேட்டுச்சு. அக்காகிட்டயும் சொல்லிடுங்க."

அப்பாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. நல்ல கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நான் கத்தலடா. வாயை மட்டும்தான் அசைச்சேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜன்னலைப் பார்த்தேன், மாத்திரை டப்பாவைப் பார்த்தேன், அவர் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் ஏதாவது பதில் சொல்லச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவர் கத்தவே இல்லையென்றால், அவர் குரலை மூன்றாவது எவ்வளவு அடைக்கும் என்பது எனக்கு இன்னும் தெரியாது.

"அப்ப இன்னொரு தடவை கத்துங்கப்பா. இந்தத் தடவை நெசமா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கலைன்னா திருப்பி அனுப்பிடுவேல்ல?"

"ஆமாப்பா."

மணிக்கட்டை விட்டார்.

கூடத்துக்கு வந்து மாட்டிக்கொண்டேன். சத்தத்தை வைத்தேன். அப்பா கத்தினார். இந்தத் தடவை நிஜம்தான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, நல்ல கை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பை என் பக்கமாக இழுத்தது. எனக்குப் புல்லில் நடக்கிறவனின் காலடி மட்டும் கேட்டது.

கேட்டது என்று கட்டை விரலை உயர்த்தினேன். அவர் நிறுத்தவில்லை. கட்டிலின் ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தார்.

நான் நாற்காலியை வழக்கமான பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.