ஆர்கான் வால்வு

குவார்ட்ஸ் குழாய்க்குள் ஆர்கான் வாயு எளிதில் பற்றிக்கொள்ளும். மைக்ரோவேவ் அலையைச் செலுத்திக் கம்பி முனையைக் காட்டினால் போதும், பிளாஸ்மாச் சுடர் ஊதா நூல்களாக ஆடும். நைட்ரஜன் அப்படிப் பற்றாது. அதனால் ஆர்கானில் ஏற்றிவிட்டு, நைட்ரஜனைக் கூட்டி, ஆர்கானைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் சுடர் துடிக்கும். அப்போதெல்லாம் டெக்னீஷியன் தங்கப்பழம் ஆர்கானைத் துளி திறந்துவிடுவார். சுடர் பிழைத்துக்கொள்ளும்.

ஆய்வை நடத்தும் மெஹருன்னிசா இன்றுதான் அதைப் பார்த்தாள்.

"அப்போ நைட்ரஜன் தனியா நின்னுச்சுன்னு மூணு மாசமா நான் எழுதினதெல்லாம்?"

"அணையப் பாத்துச்சும்மா. மனசு கேக்கல."

"கையை எடுங்கண்ணே."

"அணைஞ்சா முதல்லேருந்து வரணும்."

"வருவோம்."

அவளே ஆர்கானை இறுக மூடினாள். ஊதா நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. குழாயின் அடியில் நகக்கண் அளவு நைட்ரஜனின் மஞ்சள் சுடர் மட்டும் மிஞ்சி நடுங்கியது. தங்கப்பழத்தின் கை தானாக வால்வை நோக்கி எழுந்தது. சுடரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் இன்னும் ஒடுங்கியது. அவர் விரல்கள் அவள் பிடிக்குள் துடித்தன. அவள் விடவில்லை.