மெசின் பார்க்க வந்த மாமி

"பொம்பிளை பாக்க வந்தவ, பொம்பிளையை விட்டிட்டுத் தையல் மெசினையெல்லே பாத்தாவாம்!"

கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு மீனாம்பிகை சொல்லிச் சிரித்தாள். தனக்குப் பின்னால் நிற்பதே அந்தப் பொம்பிளைதான் என்று அவளுக்குத் தெரியாது.

அருந்ததி குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

மீனாம்பிகை சொன்னதில் பொய் இல்லை. மாப்பிள்ளையின் தாய் நல்லம்மா மகனோடு உடுப்பிட்டியிலிருந்து வந்து, தேத்தண்ணியைக்கூடத் தொடாமல், யன்னலடியில் இருந்த கால் மெசினுக்கு முன்னால் குந்திவிட்டார். சில்லைச் சுழற்றினார். பட்டியை இழுத்துப் பார்த்தார்.

"இது எந்தக் கொம்பனி மெசின், பிள்ளை?"

அருந்ததி சொன்னாள்.

"என்னென்ன தைப்பாய்?"

"பழைய சீலையிலை சட்டை தைப்பன், மாமி. கோதுமை மாப் பையிலை பெடியளுக்குக் களிசான்."

சண்டையால் பாதை மூடிக் கொழும்புச் சாமான் ஒன்றும் வராத காலம். துணியும் இல்லை, டீசலும் இல்லை. அருந்ததியின் தகப்பன் நமசிவாயத்தின் லொறி மாமரத்துக்குக் கீழே நின்றது. றைவர் சீற்றில் கோழி முட்டையிட்டது. வீட்டில் அடுப்பு எரிந்தது மெசினால்தான்.

ஆனாலும் நமசிவாயத்துக்கு ரோசம்.

"வெறுங்கழுத்தோடை பிள்ளையைக் குடுக்கமாட்டன். உந்த மெசினை வித்தெண்டாலும் ஒரு சங்கிலி..."

தாய் இரத்தினம்மா அவரை இடித்தாள்.

நல்லம்மா மெசினில் கையை வைத்தார். "அண்ணை, காணி வேண்டாம், நகை வேண்டாம். உந்த மெசின்தான் எங்களுக்குச் சீதனம். ஒருத்தருக்கும் வித்துப்போடாதேங்கோ."

அவர்கள் போனதும் இரத்தினம்மா அழத் தொடங்கினாள். "மெசினைக் கொண்டுபோனால் பிறகு பானையிலை என்னத்தைப் போடுறது?"

"பிச்சைக்காரப் புத்தி! வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்" என்று நமசிவாயம் எழும்பினார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ, அப்பா" என்றாள் அருந்ததி.

சைக்கிள் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை குகதாசன், வந்த இடத்தில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் போகும்போது சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, மெசினின் மிதியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். வருசக்கணக்காய்க் கிறீச்சிட்ட மிதி அதோடு அடங்கிவிட்டது. அதை அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

கலியாணம் நல்லாக நடந்தது. ஊர்க் கதையும் நல்லாக நடந்தது.

"மாப்பிள்ளைக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், கமலாவதி. அவளும் தையல்காரியாம். இப்ப விளங்குதே மெசின் ஆருக்கெண்டு?" இதுவும் மீனாம்பிகைதான்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள், நாலாஞ்சடங்கன்று காலையில் வாசல் படலையடியில் மாட்டு வண்டில் ஒன்று வந்து நின்றது.

"வந்திட்டினம், மெசின் ஏத்த!" மீனாம்பிகை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

அருந்ததி தைத்துக்கொண்டிருந்த களிசானின் நூலை அறுத்தாள். மெசினை ஒருமுறை துடைத்துத் துணியால் மூடினாள்.

வண்டிலிலிருந்து நல்லம்மா இறங்கினார். "சம்மந்தி, ஒரு கை பிடியுங்கோ."

நமசிவாயம் முகத்தைக் கொடுக்காமல் வந்தார். "எந்தப் பக்கத்தாலை ஏத்திறது?"

"ஏத்திறதோ? ஐயோ, இறக்குங்கோ!"

நல்லம்மா பாயை விலக்கினார். உள்ளே ஒரு கால் மெசின். அதே கறுப்பு, அதே பொன்னெழுத்து. பின்னால் கத்தரிக்கோலும் பையுமாகக் கமலாவதி குதித்து இறங்கினாள்.

"இவளின்ரை மெசின். ரண்டும் ஒரே கொம்பனி" என்றார் நல்லம்மா. "ஒண்டு பழுதானால் மற்றதிலை கழட்டிப் போட்டுத் தைக்கலாம். பாதை திறந்து சாமான் வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கேலுமே? இஞ்சை சந்தையும் கிட்ட. ரண்டு பேரும் இஞ்சையே இருந்து சேந்து தைக்கட்டும்."

இரத்தினம்மா வந்த மெசினைத் தொட்டுப் பார்த்தாள். "இதை முதலே... சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால், மெசினை வித்துச் சங்கிலி போடாமல் விடுவாரே உங்கடை மனுசன்? சீதனமெண்டு சொன்னபடியாலெல்லே மெசின் தப்பினது!"

நமசிவாயம் லொறிப் பக்கம் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மாப்பிள்ளை பகுதி சீதனம் கொண்டு வாறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாள் வேலியடி மீனாம்பிகை.

"கிழிஞ்சது ஏதும் கிடந்தால் கொண்டாங்கோ, தங்கச்சி" என்றார் நல்லம்மா. "ஆனால் வரிசையிலைதான் நிக்கவேணும்."

மெசினை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். கமலாவதி சுற்றிவரப் பார்த்தாள்.

"மச்சாள், வெளிச்சம் உந்த ஒரு யன்னலடியிலை மட்டுந்தான் போலை. நான் எங்கை இருக்கிறது?"

அருந்ததி மூடியிருந்த துணியை எடுத்தாள். குனிந்து, தன் மெசினை யன்னலின் ஒரு பக்கமாக நகர்த்தினாள்.