மிளகாய்க்கு ஒரு பெயர்

வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆள்தான்.

முந்தானை முடிச்சில் மிளகாய் இருந்தது. கோயில் வாசலில் விற்கிற மிளகாயை அவள் நம்பவில்லை. இது வீட்டுக்குப் பின்னால் காய்த்து, மொட்டைமாடியில் காய்ந்தது. ஒன்றைத் தாளித்தாலே தெரு தும்மும்.

இந்த அம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி அம்மியில் மிளகாய் அரைத்து, பக்கத்தில் நிற்கும் கல்லில் பூச வேண்டும். நியாயம் கிடைக்கிறவரை அவனுக்கு உடம்பு எரியும். கிடைத்த பிறகு வந்து, கல்லுக்கு எண்ணெய் பூசிக் குளிரவைக்க வேண்டும்.

"பேரைச் சொல்லி அரைங்க. பேரில்லாம அரைச்சா ஆத்தா யாருன்னு தேடுவா?"

அம்மிக்குத் தண்ணீர் தெளிக்கும் பெண் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் சிக்கல்.

அவள் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தார். வழுக்கிவிட்டது சோப்பு. காப்பீட்டுக் கம்பெனியோ, சர்க்கரை நோயை மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவளுடைய வளையல் போயிற்று.

ஒருவிதத்தில் வசதிதான். வெறுங்கையால் அரைப்பது சுலபம்.

ஆனால் பெயர்?

கம்பெனியின் பெயரைச் சொல்லலாம். எரிவதற்கு அதற்கு உடம்பு ஏது?

முதலாளியின் பெயரைச் சொல்லலாம். கம்பெனி கொடுத்த காலண்டரில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். வாயில் நுழையாத பெயர். இவள் தப்பாகச் சொல்லி, எங்கோ ஒரு புண்ணியவான் காரணம் தெரியாமல் உடம்பைச் சொறிந்துகொண்டு நின்றால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

போனில் பேசிய பெண்? இவள் அழுதபோது அந்தப் பிள்ளைதான், "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டது. கேட்ட வாயை எரிய விட மனம் வருமா?

போன மாதம் எவனோ கம்பெனிக் கிளையின் கண்ணாடியைக் குறிபார்த்துக் கல்லெறிந்தான். ஊரே கொண்டாடியது. செல்போனில் பார்த்து அவளும் கைதட்டினாள். நல்லா வேணும் என்றாள்.

கல் பட்டது வாசல் காவலாளியின் நெற்றியில்.

தையல் போட அவர் தர்மாஸ்பத்திரிக்குத்தான் போனார். அவருக்குக் காப்பீடு கிடையாது.

தட்டிய கை அன்றைக்குக் கூசியது. அதிலிருந்து அவளுக்குக் குறியைப் பற்றித்தான் கவலை.

கடைசியில் ஒரு பெயர் தேறியது. திருமூர்த்தி. பாலிசி விற்ற ஏஜென்ட். பொங்கலன்று வீட்டுக்கு வந்து, உளுந்துவடையைத் தின்றுவிட்டு, "கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுங்க்கா, நானிருக்கறேன்" என்றவன். சர்க்கரையைப் பற்றிச் சொன்னபோது, "அதையெல்லாம் எழுத வேண்டாங்க்கா" என்றவனும் அவனேதான். இப்போது போனை எடுப்பதில்லை.

தெரிந்த முகம். சொல்லச் சுலபமான பெயர். குறி தப்பாது.

அவளுக்குத் தெம்பு வந்தது. முடிச்சைத் தடவிக்கொண்டாள்.

முன்னால் இருந்தவனோ எழுகிற வழியாக இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, குழவியைத் தேர் இழுப்பதுபோல் இழுத்தான். தும்மினான். மறுபடி இழுத்தான். வேர்த்தது. அரைத்த கையாலேயே கண்ணைத் துடைத்தான்.

ஐயோ என்று எழுந்து திரும்பினான்.

திருமூர்த்தி.

இரண்டு கண்ணும் மூடியபடி, கையை நீட்டித் துழாவிக்கொண்டு நின்றான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"குனி."

குனிந்தான். கழுவிவிட்டாள். நாலு வார்த்தை திட்டத்தான் நினைத்திருந்தாள். கண்ணெரிச்சலில் குதிக்கிறவனிடம் என்னத்தைத் திட்டுவது?

"அக்காங்களா?"

"நீ எங்கப்பா இங்க?"

"எங்கம்மாவுக்குக் கண் ஆபரேசனுங்க்கா. நான் போட்ட அதே பாலிசிதான். கெடையாதுன்னுட்டாங்க."

"யார் பேரைச் சொல்லி அரைச்சே?"

"கம்பெனி பேரைத்தானுங்க்கா. எரியறது எனக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி சந்நிதியில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். தண்ணீர் தெளிக்கும் பெண் கடிக்கவில்லை. வாய்விட்டே சிரித்தாள்.

அவனுக்கு ஒரு கண் மெல்லத் திறந்தது. சிவந்த அந்தக் கண் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு முந்தானை முடிச்சைப் பார்த்தது.

"அக்கா, அது யாருக்குங்க?"

அவள் அம்மியைப் பார்த்தாள்.

அம்மி காலியாக இருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

இவனும் எரிகிறான். இவன் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. அதற்காக இவன் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. அவள் ஆத்திரம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு செய்ய வேறொரு காரியம் தோன்றியது.

"இந்த வாயை வெச்சுத்தான ஊருக்கே பாலிசி வித்தே? திங்கக்கிழமை அதே வாயோட எங்கூட ஆபீசுக்கு வா. சர்க்கரையை எழுத வேண்டாம்னு சொன்னது நான்தான்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லு. உங்கம்மாவுக்கும் சேத்து நான் சத்தம் போடறேன்."

"வேலை போயிருமுங்க்கா."

அவள் முடிச்சின்மேல் கையை வைத்தாள். அவிழ்க்கவில்லை. சும்மா வைத்தாள்.

"வர்றனுங்க்கா," என்றான் திருமூர்த்தி.

அவள் வரிசையைவிட்டு விலகி, அடுத்த ஆளுக்கு வழிவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க அரைக்கலீங்களா?" என்று கேட்டாள் தண்ணீர் தெளிக்கும் பெண்.

அவள் திருமூர்த்தியைப் பார்த்துக்கொண்டே முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

"நல்லாக் காஞ்ச மொளகாய்ங்க. கெட்டுப்போகாது."