பனி விழாத காலை

மக்காச்சோள வரிசையை மூடிய பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை என் கணவன் இல்போ மண்ணிலிருந்து உருவுகிறான். உள்ளே நீர்த்துளிகள் கோத்திருப்பதால் பயிர் தெரியவில்லை. பின்லாந்தின் இந்த மூலையில் ஜூனிலும் உறைபனி விழும். அதற்குப் பயந்துதான் சாண எரிவாயு ஆலையின் கழிவுக் குழம்பை வயலில் விட்ட கையோடு விதைத்து, இரண்டு தாள் போட்டு, பொத்தலே இல்லாமல் மூடினோம். பசுக்களின் குளிர்காலத் தீவனத்துக்கு இருந்த புல்வெளியை உழுதுதான் இதைப் போட்டோம். பக்கத்துப் பண்ணை தார்மோ டிராக்டரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார். "என்ன தம்பி, போர்வை பத்துச்சா? அடுத்த வருசம் வாழை நடப்போறியா?" "இந்தச் சோளத்தட்டையப் புளிக்கவெச்ச சைலேஜைத் தின்னுட்டு எங்க மாடு வந்து பதில் சொல்லும்ண்ணே," என்று இல்போ சிரிக்கிறான்.

தாள் விலகியதும் கூரான நெடி ஒன்று முகத்தில் அறைகிறது. கண்ணில் நீர் கொட்டுகிறது. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன். விரல் நீளப் பயிர்கள் வெந்த கீரைபோல வெளுத்துத் துவண்டு கிடக்கின்றன. அடுத்த வரிசையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். "பனியே விழலியே," என்கிறேன். தார்மோ தொப்பியைக் கழற்றுகிறார். "குழம்போட அம்மோனியா ஆவிம்மா. வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு பயிரப் பொசுக்கிருச்சு." இல்போ மண்ணில் உள்ளங்கையை வைக்கிறான். "எவ்ளோ சூடா இருக்கு பாரு, மிர்யா," என்கிறான், பெருமையாகச் சொல்வதுபோல. ஏரிப் பக்கமிருந்து காற்று வருகிறது. அவன் அவசரமாகத் தாளை இழுத்து, செத்த பயிர்களை மூடி, ஓரத்தை மண்ணால் அழுத்துகிறான். "காத்து சில்லுனு இருக்கு," என்கிறான்.