பல் டாக்டருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி

"ஏன் சார், என் பேஷண்டெல்லாம் இதுல வாய் கொப்புளிக்கணுமா?"

போனில் பல் டாக்டர் கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. வீடு கட்டித் தரும் அந்தக் கம்பெனியின் லாரி காலையில் அவருடைய புது வீட்டு வாசலில் ஒரு சிமென்ட் தொட்டியை இறக்கிவிட்டு வந்திருந்தது. நாலு மாடு ஒன்றாக நின்று தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவு பெரியது. போக வேண்டிய இடம் மாட்டு டாக்டர் வீடு.

போன மாதம் மாட்டு டாக்டருக்குச் செய்த அகலமான இரும்புக் கேட்டும் பல் டாக்டர் வீட்டில்தான் போய் இறங்கியது.

முதலாளி போனை வைத்தார். எழுந்து போய்ப் பழைய கம்ப்யூட்டரின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"தண்டம்! தின்னுற கரண்டுக்காவது வேலை செய்யுதா பாரு!"

வழக்கமான திட்டுதான். திட்டுவாரே தவிர மாற்ற மாட்டார். கைப்பிடி உடைந்த தள்ளுவண்டியைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத ஆள்.

"சாப்ட்வேரை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது மாமா?" என்றார் மேனேஜர்.

முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். படித்தவர். படித்தவர் என்பதை அடுத்தவர் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர். ஆபீஸில் அவருக்குப் பட்டமே மாப்பிள்ளைதான்.

"எப்பத்தான் மாத்துவீங்க?"

"வேளை வரட்டும் மாப்பிள்ளை."

"கேட் போச்சு, தொட்டி போச்சு. அடுத்து பல் டாக்டர் வாசல்ல வைக்கோல் இறங்கணுமா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளை ஸ்டோர் அக்கா பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க பார்த்துத்தானே லாரியில ஏத்துறீங்க?"

"ஸ்க்ரீன்ல எந்த வீடு வருதோ அங்கதான் சார் அனுப்புறேன்."

"நீங்க பேர் போட்டிருக்கிற லட்சணம் அப்படி! ஒரு கஸ்டமரைப் போய் 'மாடு'ன்னா போடுவாங்க?"

"அந்தக் கட்டத்துல நாலு எழுத்துக்கு மேல போகாது சார். அதான் அவருக்கு 'பல்', இவருக்கு 'மாடு'."

மேஸ்திரி துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமா, ஒண்ணு சாப்ட்வேரை மாத்துங்க. இல்லன்னா ஸ்டோருக்கு வேற ஆளைப் பாருங்க. இன்னிக்கே முடிவு சொல்லிடணும்."

அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு சம்பளத்தில்தான். மாப்பிள்ளைக்கும் அது தெரியும்.

மாப்பிள்ளை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார் போலிருக்கிறது. சாப்ட்வேர் விற்கிற தம்பி லேப்டாப்போடு உள்ளே வந்தார்.

"இதுல எவ்வளவு நீளமான பேரும் போடலாம் சார். ஆர்டரை யார் அடிச்சாங்கன்னும் காட்டும். உங்க பழசுக்குள்ளயும் அது இருக்கு. அதுக்குக் காட்டத்தான் தெரியாது."

"அப்ப இந்தத் தொட்டி ஆர்டரை ஏத்திக் காட்டுங்க. யாருன்னு தெரிஞ்சிடட்டும்." மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப எதுக்கு மாப்பிள்ளை? தம்பி முதல்ல ஒரு டீ சாப்பிடட்டும்" என்றார் முதலாளி அவசரமாக.

"பாருங்க, செலவுன்னதும் மாமாவுக்கு டீ ஞாபகம் வந்துடுச்சு! நீங்க காட்டுங்க தம்பி."

தம்பி தட்டினார். ஸ்க்ரீனில் பளிச்சென்று வந்தது.

*தொட்டி. வீடு: டாக்டர். ஆர்டர் அடித்தவர்: மாப்பிள்ளை.*

"'டாக்டர்'னு ஒரு வீடே இதுல இல்ல சார்" என்று தம்பி மும்முரமாக விளக்கினார். "இல்லாத பேரை அடிச்சா, பழசு முதல்ல இருக்கிற வீட்டைத் தானா எடுத்துக்கும். அதான் 'பல்'லுக்குப் போயிருக்கு. கேட் போனதும் இப்படித்தான். ஆமா, இங்க மாப்பிள்ளைங்கிறது யாருங்க?"

மேஸ்திரிக்குத் திடீரென்று ஃபேனைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் அக்காதான்.

"புதுசு இல்லையா தம்பி, பழகுற வரைக்கும் கொஞ்சம் தப்பாத்தான் காட்டும்."

மாப்பிள்ளை அக்காவை நிமிர்ந்து பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"இல்லக்கா, சரியாத்தான் காட்டுது. நான்தான் அடிச்சேன். ஒரு பெரிய மனுஷரை 'மாடு'ன்னு அடிக்கக் கை வரல. என்னை மன்னிச்சிடுங்க." பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

முதலாளி பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அதன் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

"எப்ப மாத்துவீங்கன்னு கேட்டீங்களே மாப்பிள்ளை, இன்னிக்கே மாத்திடலாம். உங்களுக்குப் பதிலா திட்டு வாங்கி வாங்கி, பாவம், இதுக்கும் வயசாயிடுச்சு."